அந்தச் சண்டைக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா? விக்கிப்பீடியாவில் போர்களைப் பற்றி எழுத வருபவர்களுக்கு

விக்கிப்பீடியாவில் எழுதப் புதிதாக வருபவர்களில் பலர் கையில் ஒரு போர்க்களத்தோடுதான் வருகிறார்கள். பாளையக்காரர் காலத்தில் ஊர் எல்லையில் நடந்த மோதலாக இருக்கும். கொள்ளுத்தாத்தா பர்மாவிலோ மெசபடோமியாவிலோ துப்பாக்கி தூக்கிய ஆற்றங்கரையாக இருக்கும். பழைய நூலொன்றில் இரண்டு வரியில் வந்துபோன முற்றுகையாகவும் இருக்கும். ஆசையோடு எழுதிப் பதிப்பித்த மறுநாள், "குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை" (தனிக் கட்டுரைக்கான தகுதி காட்டப்படவில்லை) என்ற வார்ப்புரு, அதாவது எச்சரிக்கைப் பட்டை, கட்டுரையின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். மனம் நொந்து அன்றோடு விக்கிப்பீடியாவையே விட்டுப் போனவர்கள் உண்டு. எழுதும் முன் ஒரு மாலைப்பொழுதைத் தேடுவதற்குச் செலவிட்டிருந்தால் அந்த நோவு மிச்சமாகியிருக்கும்.

அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். எத்தனை பேர் மடிந்தார்கள், எவ்வளவு வீரமாகப் போரிட்டார்கள் என்பதல்ல அது. அந்தச் சண்டையில் சம்பந்தப்படாதவர்கள், பிற்பாடு ஆற அமர உட்கார்ந்து, அதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? எழுதியிருந்தால் கட்டுரை நிற்கும். இல்லையென்றால் உங்கள் தமிழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிற்காது. மற்றதெல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிமுறைகள்.

உதாரணத்துக்கு, இந்தியச் சிப்பாய்கள் போரிட்டும் இந்தியாவில் அனேகமாக யாருக்கும் தெரியாத ஒரு சண்டையை எடுத்துக்கொள்கிறேன்: ஜாசின், 1915 ஜனவரி 18, 19. அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவும் பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவும் தொட்டுக்கொள்ளும் கடலோர எல்லையில் உள்ள ஊர். இன்று தான்சானியாவில், கென்ய எல்லையை ஒட்டி இருக்கிறது.

முதலில் பெயரைத் துரத்துங்கள்

சின்னச் சண்டைகளுக்கு நிலைத்த பெயர் இருப்பதில்லை. ஜாசினையே ஆங்கில நூல்கள் இரண்டு விதமாக எழுத்துக்கூட்டுகின்றன. யாசினி என்றும் ஒரு வடிவம் உண்டு. 1746இல் சென்னையில் நடந்த அடையாறு சண்டை சில நூல்களில் சாந்தோம் சண்டை. ஒரு பெயரை மட்டும் தேடிவிட்டு "யாருமே எழுதவில்லை" என்றோ "விக்கிப்பீடியாவில் இல்லை" என்றோ முடிவுகட்டாதீர்கள். ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும், பக்கத்து ஆற்றின் பெயரையும், இரு தளபதிகளின் பெயர்களையும், படைப்பிரிவின் பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள். தளபதியின் கட்டுரையிலோ படைப்பிரிவின் கட்டுரையிலோ உங்கள் சண்டை ஏற்கெனவே ஒரு பத்தியாக உட்கார்ந்திருக்கலாம்.

எங்கே தேடியும் சண்டைக்கென்று ஒரு பெயரே அகப்படவில்லை, "இன்ன தேதியில் இன்ன இடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது" என்று மட்டும்தான் வருகிறது என்றால் எச்சரிக்கையாகுங்கள். "இன்ன ஊர்ப் போர்" என்று பெயர் வைக்கப்போகும் முதல் ஆள் நீங்கள்தான் என்றால், அதைச் செய்ய வேண்டிய இடம் கலைக்களஞ்சியம் அல்ல.

அதிகாரபூர்வப் பெயர்ப் பட்டியலில் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டன் இதற்கென ஒரு குழுவை அமைத்து, பேரரசின் படைகள் ஈடுபட்ட மோதல்களைப் பெரியது சிறியது என்று தரம் பிரித்துப் பட்டியலிட்டது. தேடலுக்கு அது அருமையான உதவி. ஆனால் பட்டியல் தருவது பெயர், தேதி, எல்லை அவ்வளவுதான். ஒரு வரிப் பதிவை வைத்துக்கொண்டு கட்டுரை கட்ட முடியாது.

வேறு மொழி விக்கிப்பீடியாவில் கட்டுரை இருப்பதும் ஆதாரம் ஆகாது. அங்கே எழுதியவரும் உங்களைப் போன்ற ஒரு பயனர்தான். அவர் அடிக்குறிப்பில் தந்த நூல்களைத் தேடிப்போகலாம். அவர் கட்டுரையை மட்டும் நம்பி எழுதக் கூடாது.

மூலங்களைக் கூறு போடுங்கள்

அகப்பட்டதையெல்லாம் ஒரே குவியலாக வைக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். சண்டையில் பங்கெடுத்த தரப்பு எழுதியது. அந்தக் காலத்திலேயே வேறொருவர் பதிந்தது. பிற்கால ஆய்வாளர்கள் எழுதியது. கடைசிக் கூறுதான் தகுதியைத் தீர்மானிக்கிறது. முதலிரண்டும் கட்டுரைக்குச் சதை போட உதவும்.

முதல் கூறில் விழுபவை ஏராளம். படைப்பிரிவின் போர் நாட்குறிப்புகள் (முதல் உலகப் போருக்கானவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன), தளபதியின் அறிக்கை, பதக்கச் சான்றுரை, படைப்பிரிவு தானே வெளியிட்ட வரலாறு, தளபதியின் தன்வரலாறு. நம் பக்கத்தில் மெய்க்கீர்த்திகளும் இந்த ரகம்தான். மெய்க்கீர்த்தி பாடப்பட்ட அரசன் தோற்றதாக எங்கேயாவது படித்திருக்கிறீர்களா? அதே சமயம் இரு தரப்பு ஆவணங்களும் ஒரே செய்தியைச் சொன்னால் அதன் எடை கூடிவிடுகிறது. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் கொப்பத்தில் சோழ மன்னன் ராஜாதிராஜன் களத்தில் மாண்டதைச் சோழர் தரப்பு, "யானைமேல் துஞ்சின தேவர்" என்று கௌரவமாகச் சொல்கிறது. சாளுக்கியர் கல்வெட்டுகளும் அவன் இறப்பைச் சொல்கின்றன. வென்றது யார் என்பதில் சண்டை இருக்கலாம், மன்னன் செத்ததில் சந்தேகம் இல்லை.

தன்வரலாறுகளிடம் இன்னும் உஷார் வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கப் போரைப் பற்றி நீங்கள் எங்கே படித்தாலும் ரிச்சர்ட் மைனெர்ட்சாகன் என்ற பிரிட்டிஷ் உளவு அதிகாரியின் நாட்குறிப்பு குறுக்கே வரும். 1914 நவம்பரில், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் துறைமுகமான டாங்காவில் பிரிட்டிஷ்-இந்தியப் படை அடிவாங்கியபோது அவர் அங்கே இருந்தார். அந்தப் படையில் 63ஆவது பாளையங்கோட்டை காலாட்படைப் பிரிவும் இருந்தது. தோல்விக்கான பழியில் பெரும்பங்கு அதன் தலையில் இறங்கியது. மைனெர்ட்சாகனின் வருணனை சுவாரசியத்தில் குறை வைக்காது. ஆனால் அந்த நாட்குறிப்புகளை அவரே பிற்காலத்தில் திருத்தியும் புனைந்தும் எழுதினார் என்ற வலுவான ஐயம் ஆய்வாளர்களிடம் இருக்கிறது. பறவையியலாளராகவும் பெயர்பெற்ற அவர், அருங்காட்சியகங்களிலிருந்து பறவை மாதிரிகளைத் திருடிப் பொய்யான சீட்டு ஒட்டித் தன் சேகரிப்பில் சேர்த்திருந்தது அவர் இறந்த பிறகு அம்பலமானது. அப்படிப்பட்டவர் ஒரு படைப்பிரிவே புறமுதுகிட்டது என்று எழுதினால், அதை அவர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கட்டுரையின் சொந்தக் குரலில் சொல்லக் கூடாது.

செய்தித்தாள்கள் இரண்டாம் கூறில் வரும். போர்க்கால இதழ்கள் பெரும்பாலும் ராணுவம் கொடுத்த அறிக்கையையே அச்சிட்டன. எனவே பத்து இதழ்களில் வந்த ஒரே செய்தி பத்து மூலம் ஆகாது, ஒன்றுதான். ஈழப் போரின் சமர்களை எழுத நினைப்பவர்களுக்கு இது நடைமுறைச் சிக்கல். செய்தியாளர்கள் களத்துக்குள் பெரும்பாலும் அனுமதிக்கப்படாத நிலையில், அரசுத் தரப்பும் புலிகள் தரப்பும் விடுத்த அறிக்கைகள்தான் மறுநாள் செய்தியாயின. இறந்தோர் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. இரண்டையும் தரப்பின் பெயரோடு தருவது ஒன்றே வழி. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல உங்களை யாரும் நியமிக்கவில்லை.

மூன்றாம் கூறு எங்கே கிடைக்கும்? பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் நூல்கள், ஆய்விதழ்கள், வரலாற்றாசிரியர்கள் எழுதிய பொதுநூல்கள். தமிழில் தேடுவதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா, இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம் ஆகியவை நல்ல தொடக்கம். பழைய ஆங்கில நூல்கள் இணைய ஆவணகத்தில் (archive.org) இலவசமாகவே கிடைக்கின்றன. தேடுபொறியில் முதல் பக்கத்தோடு நின்றுவிடுபவர் போர்க் கட்டுரை எழுத லாயக்கில்லை என்பது என் கட்சி.

ஐந்து வரிச் சோதனை

தாளில் ஐந்து வரி போடுங்கள். யாருக்கும் யாருக்கும்? ஏன் அந்த இடத்தில்? எப்படி நடந்தது? என்ன இழப்பு? அதனால் என்ன மாறியது? ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றாம் கூறு மூலத்தின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதுங்கள். முதல் நான்கும் நிரம்பி ஐந்தாவது காலியாக இருந்தால் பெரும்பாலும் அந்தச் சண்டை வேறொரு கட்டுரையின் ஒரு பகுதிதான்.

ஜாசினை வைத்துப் பார்ப்போம். யாருக்கும் யாருக்கும் என்பது எளிது: ஊரைக் காத்தவர்கள் ஜிந்த், காஷ்மீர் சமஸ்தானப் படையினர் உள்ளிட்ட முந்நூற்றுச் சொச்சம் இந்தியச் சிப்பாய்கள், தலைமை கர்னல் ரக்பீர் சிங். எதிரே பால் ஃபோன் லெட்டோ-ஃபோர்பெக் தலைமையில் ஒன்பது ஜெர்மன் கம்பெனிகள். அவற்றில் பெரும்பாலோர் அஸ்காரி எனப்படும் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். ஏன் அங்கே? டாங்காவில் தோற்ற பிரிட்டன் கடலோர எல்லையைப் பாதுகாக்க உம்பா பள்ளத்தாக்குக்குள் படையை நகர்த்தி ஜாசினில் காவல் போட்டது. இது மீண்டும் டாங்காவை நோக்கி வருவதற்கான முன்னேற்பாடு என்று லெட்டோ-ஃபோர்பெக் கருதினார். எப்படி நடந்தது? ஊர் சுற்றி வளைக்கப்பட்டது, உதவிக்கு வந்த படை உள்ளே நுழைய முடியவில்லை, ரக்பீர் சிங் கொல்லப்பட்டார், தோட்டா தீர்ந்ததும் மறுநாள் காலை எஞ்சியவர்கள் சரணடைந்தார்கள்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சரணடைந்த இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகளை லெட்டோ-ஃபோர்பெக் பாராட்டி, இந்தப் போரில் இனி ஆயுதம் எடுக்க மாட்டோம் என்ற வாக்குறுதியின் பேரில் விடுவித்தார். சினிமாவுக்கு ஏற்ற காட்சி. படித்ததும் கை பரபரக்கும். கட்டுரையில் பாதியை அதுவே தின்றுவிடும். ஆனால் அந்தச் சம்பவத்தால் ஜாசினுக்குத் தனிக் கட்டுரை கிடைப்பதில்லை. கட்டுரை எழுந்த பிறகு ஒரு வாக்கியமாக அது உள்ளே வரட்டும்.

தகுதியைக் கொடுப்பது ஐந்தாவது வரி. வென்றது ஜெர்மன் தரப்பு. ஆனால் சுமார் இரண்டு லட்சம் தோட்டாக்களைச் செலவழித்தும், ஈடுசெய்ய முடியாத அளவுக்கு அதிகாரிகளை இழந்தும்தான் வென்றது. கடற்படை முற்றுகையால் தாய்நாட்டிலிருந்து பெரிதாக எதுவும் வந்துசேராத நிலையில், இப்படிப்பட்ட சண்டை இன்னும் மூன்றுக்கு மேல் தாங்காது என்று லெட்டோ-ஃபோர்பெக் கணக்குப் போட்டார். நேருக்கு நேர் மோதலைக் குறைத்துக்கொண்டு, உகாண்டா ரயில் பாதையைத் தகர்க்கும் சிறு குழுத் தாக்குதல்களுக்கு மாறினார். பிரிட்டிஷ் பக்கமோ சிதறிக் கிடந்த காவல் நிலைகளைச் சுருக்கிக்கொண்டு தற்காப்புக்குத் திரும்பியது. நான்கு ஆண்டு நீண்ட ஒரு போரின் போக்கே அந்த இரண்டு நாளில் திசை திரும்பியது என்று சொல்லலாம்.

"சொல்லலாம்" என்று நான் சொன்னால் போதாது, மூலம் சொல்ல வேண்டும். தோட்டாக் கணக்கு லெட்டோ-ஃபோர்பெக்கின் சொந்த நினைவுக்குறிப்பிலிருந்து வருகிறது, அதாவது முதல் கூறு. ஆனால் 1941இல் வெளியான பிரிட்டிஷ் அதிகாரபூர்வ வரலாற்றின் முதல் தொகுதி ஜாசினை விரிவாக எழுதுகிறது. அதுவும் அரசே எழுதுவித்தது என்பதால் முழுச் சுதந்திரமான மூலம் என்று சொல்ல மாட்டேன். இரு தரப்பு ஆவணங்களையும் ஒப்பிட்டு எழுதப்பட்டதால் தள்ளவும் மாட்டேன். 2000க்குப் பிறகு ராஸ் ஆண்டர்சன், எட்வர்ட் பைஸ் போன்றவர்கள் இந்தப் போர்முனையைப் பற்றி எழுதிய முழுநூல்களிலும் ஜாசின் தன் விளைவோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஐந்து வரியும் நிரம்பிவிட்டது. ஜாசின் தேறிவிட்டது.

அளவை நம்பாதீர்கள்

அதே போர்முனையில், தகுதியில் மறுகோடியில் நிற்பது இன்றைய கென்யாவில் உள்ள மக்டாவு. 1915 செப்டம்பர் 3 அன்று மக்டாவுக்கு அருகே ஒரு சிறு கைகலப்பு. ஆஸ்திரேலியரான லெப்டினன்ட் வில்பர் டார்ட்னெல் காலில் காயம்பட்டு, தூக்கிச் செல்லப்பட்டுக்கொண்டிருந்தார். படுகாயமடைந்த மற்றவர்களை எடுத்துச்செல்ல வழியில்லை, எதிரி நெருங்கிவிட்டான் என்று தெரிந்ததும், தன்னையும் அவர்களோடு விட்டுவிடும்படி பிடிவாதம் பிடித்தார். தான் இருந்தால் அவர்களைக் காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கை. அங்கேயே கொல்லப்பட்டார், இறந்த பின் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை கிடைத்தது. அந்த மனிதருக்குத் தனிக் கட்டுரை கட்டாயம் வேண்டும். அந்தக் கைகலப்புக்கு? என்னைக் கேட்டால் தேவையில்லை. அதைப்பற்றி எழுத என்ன இருக்கிறதோ அதெல்லாம் டார்ட்னெல் கட்டுரைக்குள்ளேயே அடங்கிவிடும். பெரிய வீரச்செயல் நடந்தது என்பதால் சண்டை பெரிதாகிவிடாது. பெரிய போரின் ஓர் அங்கம் என்பதாலும் ஆகாது. இந்த இரண்டு வாதங்களும் உரையாடல் பக்கங்களில் தேய்ந்துபோன வாதங்கள், கொண்டுபோகாதீர்கள்.

தலைகீழ்ப் பிழையும் உண்டு. அதிகாரபூர்வ வரலாற்றில் இல்லை, எனவே முக்கியமில்லை என்று ஒருவர் சொல்வார். மேலே சொன்ன பிரிட்டிஷ் வரலாற்றின் முதல் தொகுதி 1916 செப்டம்பரோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் தொகுதி வெளிவரவே இல்லை. ஆகவே 1917 அக்டோபரில் நடந்த மஹிவா சண்டையை அதில் தேடினால் கிடைக்காது. பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தோ காயம்பட்டோ போன சண்டை அது. ஒரு மூலத்தில் ஏன் இல்லை என்று பார்த்த பிறகே அந்த இல்லாமைக்கு மதிப்புக் கொடுங்கள்.

இந்த விதிமுறையில் ஓர் அநியாயம் இருப்பதையும் மறைக்க விரும்பவில்லை. எழுத்தும் ஆவணக் காப்பகமும் வைத்திருந்தவர்களின் சண்டைகள் எல்லாம் தகுதி பெற்றுவிடுகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் இரு பக்கமும் மூட்டை சுமந்து பல்லாயிரக்கணக்கில் செத்த சுமைதூக்கிகள் தங்கள் கதையை எழுதி வைக்கவில்லை. நம் ஊர்ச் சண்டைகளிலும் கும்மியிலும் கதைப்பாடலிலும் மட்டுமே வாழ்பவை எத்தனையோ. ஆனால் அந்தக் குறையைக் கலைக்களஞ்சியத்தின் வாசலில் நின்று தீர்க்க முடியாது. பாடலைப் பதிவு செய்யுங்கள், முதியவர்களின் பேச்சைத் தொகுங்கள், இதழிலோ நூலிலோ வெளியிடுங்கள், ஆய்வாளர் ஒருவர் கண்ணில் படச்செய்யுங்கள். அவர்கள் எழுதிய பிறகு விக்கிப்பீடியா தானாகப் பின்னால் வரும்.

அப்படி ஒரு சண்டை நடந்ததா?

இதைக் கேட்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007இல் "பிச்சோலிம் மோதல்" என்று ஒரு நீண்ட கட்டுரை வந்தது. 1640-41இல் கோவாப் பகுதியில் போர்த்துகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் போர் நடந்ததாம். அடிக்குறிப்புகள், நூற்பட்டியல் எல்லாம் கனகச்சிதம். "நல்ல கட்டுரை" என்ற தகுதியையும் பெற்று ஐந்தாண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தது. 2012 இறுதியில் ஒரு பயனர் நூற்பட்டியலைச் சரிபார்க்க முயன்றபோதுதான் அந்த நூல்களே இல்லை என்று தெரிந்தது. போரும் இல்லை, முழுக்கக் கட்டுக்கதை.

நூல்களைத் தேடாமலேயே கூடப் பிடித்திருக்கலாம் என்பதுதான் வேடிக்கை. 1640இல் சிவாஜி பத்து வயதுச் சிறுவன், முடிசூடியது 1674இல். மராட்டியப் பேரரசு என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை. பிச்சோலிம் பகுதி பீஜப்பூர் அடில்ஷாகிகளின் கையில் இருந்தது. பள்ளிப் பாடநூல் அளவு வரலாறு தெரிந்த ஒருவர் தேதியைப் பார்த்தே நெற்றியைச் சுருக்கியிருக்க வேண்டும். நேர்த்தியான அடிக்குறிப்புகள் எல்லாரையும் தூங்க வைத்துவிட்டன. சீன விக்கிப்பீடியாவில் இதைவிடப் பெரிய கூத்து 2022இல் வெளிவந்தது: இடைக்கால ரஷ்யாவின் சிற்றரசுகளுக்கிடையே நடந்த போர்கள் என்று ஒரே பயனர் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கற்பனையாக எழுதிக் குவித்திருந்தார். மேற்கோள்கள் ரஷ்ய மொழியில் இருந்ததால் யாரும் திறந்து பார்க்கவில்லை.

எனவே, மேற்கோள் காட்டப்பட்ட நூல்களில் ஒன்றையாவது நீங்களே கையில் எடுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நூலின் பெயர் தேடலில் கிடைப்பது போதாது, அந்தச் சண்டை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் கண்ட மூலம் விக்கிப்பீடியாக் கட்டுரை தொடங்கிய தேதிக்கு முந்தியதா பிந்தியதா என்றும் பாருங்கள். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் அந்தத் தேதி இருக்கும். பிந்தியது என்றால் விக்கிப்பீடியாவையே பார்த்து எழுதியிருக்கக்கூடும். விக்கிப்பீடியாக் கட்டுரைகளையே அட்டை போட்டு விற்கும் பதிப்பகங்களும் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை மேற்கோளாகக் கொடுப்பது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு சாட்சி கிடைத்தது என்பதைப் போல.

தேறவில்லை என்றால்

உழைப்பு வீண் என்று நினைக்க வேண்டாம். பாதிச் சண்டைகளுக்கு நல்ல வீடு வேறொரு கட்டுரைதான். போர்முனையைப் பற்றிய பொதுக் கட்டுரையில் ஒரு பத்தி, தளபதி கட்டுரையில் ஒரு உட்தலைப்பு, ஊர்க் கட்டுரையின் வரலாற்றுப் பகுதியில் மூன்று வாக்கியம். சண்டையின் பெயரில் ஒரு வழிமாற்றுப் பக்கம் போட்டு அந்தப் பத்திக்குத் திருப்பிவிடுங்கள். தேடி வருபவர் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வார். நாளை புதிய ஆய்வு வந்தால் அதே வழிமாற்றைக் கட்டுரையாக விரித்துக்கொள்ளலாம்.

செங்கம் பகுதி நடுகற்களை எண்ணிப் பாருங்கள். ஆநிரை கவர வந்தவர்களோடு மோதிச் செத்த வீரனின் பெயரும், ஆட்சியாண்டும், சில சமயம் ஊரும் கல்லில் இருக்கும். ஒவ்வொரு கல்லும் உண்மையாக நடந்த ஒரு சண்டை. ஆனாலும் கல்லுக்கு ஒன்றாகக் "கட்டுரை" எழுதினால் எல்லாம் இரண்டு வரியில் நின்றுவிடும். எல்லாவற்றையும் சேர்த்துச் செங்கம் நடுகற்கள் என்று எழுதினால் பல்லவர் கால ஆநிரைச் சண்டைகள், ஆயுதங்கள், எழுத்தமைதி எல்லாம் கொண்ட கனமான கட்டுரை கிடைக்கிறது.

தேறியது என்றால்

மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகுவதற்கான பக்கத்தில், முதலில் எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் எந்தப் போரின் பகுதி, எப்போது, எங்கே, யார் என்பதும், இரண்டாவதில் விளைவும் வந்துவிட வேண்டும். சண்டையின் முக்கியத்துவத்தைப் பதினைந்தாவது பத்தியில் ஒளித்து வைத்தால், வார்ப்புரு ஒட்டுபவர் அதுவரை படிக்க மாட்டார்.

தேதியில் கவனம். அடையாறு சண்டை 1746 அக்டோபர் 24 என்று சில நூல்களில் இருக்கும், நவம்பர் 4 என்று வேறு சிலவற்றில். இரண்டும் சரி. ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கிரகோரியனில் இருந்தார்கள். இடையே பதினொரு நாள். போதாக்குறைக்கு, புதுச்சேரியிலிருந்து செய்திகளைக் கேட்டு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அது அட்சய வருடத்து ஐப்பசி. இந்த மூன்றையும் வெவ்வேறு சண்டைகள் என்று நினைத்துத் தனித்தனிக் கட்டுரை எழுதுவதற்கு நிறையவே வாய்ப்பிருக்கிறது. எந்த நாட்காட்டி என்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கையிலும் அப்படித்தான். அடையாற்றில் ஆற்காடு நவாப் அன்வருதீனின் மகன் மாபூஸ்கானின் படை பத்தாயிரம் என்பார்கள். எதிரே சுவிட்சர்லாந்துக்காரரான பாரதி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஆயிரத்தைக்கூடத் தொடாது. (பிரெஞ்சுப் பெயர்தான் அது, நம் பாரதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பரடி என்றும் எழுதுவார்கள்.) தோற்ற பெரும்படையின் எண்ணிக்கையை வென்றவர்கள் எப்போதும் தாராளமாகத்தான் எண்ணுவார்கள். "பத்தாயிரம் பேர் என்று ஐரோப்பிய ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்" என்று எழுதுவதில் ஒன்றும் குறைந்துவிடாது. இந்தச் சண்டையின் முக்கியத்துவம் எண்ணிக்கையில் இல்லை: பயிற்சி பெற்ற சிறு காலாட்படை, இந்திய அரசர்களின் பெருங்குதிரைப்படையைக் கலைக்க முடியும் என்று ஐரோப்பியருக்கு அது காட்டிக்கொடுத்தது என்பதை 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஓர்ம் தொடங்கி வரலாற்றாசிரியர்கள் தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார்கள்.

கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவல் பெட்டியில் "வெற்றி" என்ற கட்டம் இருக்கிறதே என்று அதை நிரப்பியே ஆக வேண்டியதில்லை. ஜாசின் போன்ற இடங்களில் "ஜெர்மன் வெற்றி" என்று போட்டுவிட்டு, கீழே விளைவுகள் பகுதியைப் பார்க்கச் சொல்லலாம். ஆய்வாளர்கள் கருத்து வேறுபட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

நீக்கக் கோரிக்கை வந்தால்

பதறாதீர்கள், கோரியவரைத் திட்டாதீர்கள். உரையாடல் பக்கத்தில் "இது எங்கள் மண்ணின் வரலாறு" என்று தொடங்கும் நீண்ட பதிவு எழுதினால் யார் மனமும் மாறாது. உங்கள் ஐந்து வரித் தாளை எடுங்கள். பங்கெடுக்காத ஆசிரியர்கள் எழுதிய இரண்டு மூன்று நூல்களின் பெயர், ஆண்டு, பக்க எண், அந்தப் பக்கங்களில் சண்டை எவ்வளவு நீளத்துக்குப் பேசப்படுகிறது என்பதை மட்டும் பட்டியலிடுங்கள். நூல் மற்றவர்களுக்குக் கிடைக்காதது என்றால் தொடர்புடைய வரிகளைச் சுருக்கித் தாருங்கள். அதற்குப் பிறகும் வேறொரு கட்டுரையோடு இணைக்கத்தான் வேண்டும் என்று பெரும்பான்மை கருதினால், இணைக்கும் வேலையை நீங்களே செய்துவிடுங்கள். வேறொருவர் செய்தால் உங்கள் நான்கு பத்திகள் ஒரு வாக்கியமாகச் சுருங்கும்; நீங்கள் செய்தால் மேற்கோள்களோடு இரண்டு பத்தியாவது பிழைக்கும்.